கையெழுத்து மட்டையை ஏலத்தில் எடுக்கும்போது விடும் பிழைகள்

பழைய மாணவர் சங்க இராப்போசனம் என்றால் ஏலமும் கூடவே வந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் நடந்தாலும் சரி, ரொரன்றோவில் நடந்தாலும் சரி, சாப்பாடு முடிகிற நேரம் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கிரிக்கெட் மட்டை மேடைக்கு வரும், 1996இல் லாகூரில் உலகக் கிண்ணம் வென்ற இலங்கை அணியின் கையெழுத்து என்பார்கள், காசு பாடசாலைக் கட்டட நிதிக்கு என்பார்கள், கை தானாக உயர்ந்துவிடும். நானும் அப்படி ஒன்றை எடுத்தேன். வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது பேனை மையே இல்லை, சின்னச் சின்னப் புள்ளிகளாக அச்சடித்தது. சங்கத்துக்கும் தெரிந்திருக்கவில்லை.

முதல் பிழை, நல்ல காரியத்துக்கு நடக்கிற ஏலத்தில் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று பேசாமல் இருப்பது. இப்படியான பொருட்களைப் பல வேளைகளில் வெளி வியாபாரி ஒருவர்தான் கொண்டுவந்து வைப்பார். தனக்கு இவ்வளவு வேண்டும் என்று முதலே சொல்லிவிடுவார், அதற்கு மேலே வருவதுதான் பாடசாலைக்கு. ஆகவே இது யாரிடமிருந்து வந்தது, பாடசாலைக்கு எவ்வளவு போகும், பிழையென்றால் யார் காசைத் திருப்பித் தருவார் என்று ஏலம் தொடங்க முன்பே கேளுங்கள்.

அடுத்தது, சான்றிதழைக் கண்டதும் மனம் ஆறிவிடுவது. 1990களின் கடைசியில் அமெரிக்காவில் எப்.பி.ஐ. 'ஒபரேஷன் புல்பென்' என்ற பெயரில் போலிக் கையெழுத்துக் கும்பல்களைப் பிடித்தபோது சான்றிதழ்களும் அந்த வியாபாரத்தின் ஒரு பகுதியாகவே இருந்தன. அன்னை தெரேசா கையெழுத்திட்டதாக ஒரு பேஸ்போல் பந்துகூட அகப்பட்டது. விற்பவரே எழுதித் தரும் சான்றிதழுக்கு அவருடைய வாய்ப்பேச்சுக்கு உள்ள பெறுமதிதான். கையெழுத்துகளைச் சோதித்துச் சான்று தரும் பிஎஸ்ஏ, பெக்கெட் போன்ற நிறுவனங்களுடையது அதைவிட மேல், ஆனாலும் அது நிபுணர் ஒருவரின் கருத்து. ஸ்டிக்கரில் உள்ள இலக்கத்தை அவர்களுடைய இணையத்தளத்தில் அடித்து, அங்கே உள்ள விவரமும் கையில் உள்ள பொருளும் ஒன்றுதானா என்று பாருங்கள், ஏனென்றால் நல்ல இலக்கத்தைக் கள்ளப் பொருளில் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கையெழுத்தை ஒப்பிடுவதிலும் பிழை விடுகிறோம். போனில் ஒரு படத்தை எடுத்து வைத்துக்கொண்டு அச்சொட்டாக அப்படியே இருக்கிறது என்று சந்தோஷப்படுவோம். ஒருவர் இரண்டு தடவை போட்ட கையெழுத்து அச்சொட்டாகப் பொருந்தவே பொருந்தாது, பொருந்தினால் அச்சு, ரப்பர் முத்திரை, அல்லது கையெழுத்துப் போடும் இயந்திரம் என்றுதான் சந்தேகப்பட வேண்டும். மார்க்கர் பேனையால் மரத்தில் எழுதினால் மை நாரோடு சேர்ந்து கொஞ்சம் பரவும். அணி மட்டையில் எல்லாப் பெயரும் ஒரே சாய்விலும் ஒரே அழுத்தத்திலும் இருந்தால் இன்னும் கவனம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, பொருள் வந்த வழியைக் கேளாமல் விடுவது. 2022இல், உதைபந்தாட்ட வீரர் மரடோனா 1986 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் கோல் அடித்த 'கடவுளின் கை' ஆட்டத்தின் ஜேர்சி லண்டனில் சொதபிஸ் ஏலத்துக்கு வந்தபோது, அது அவர் முதல் பாதியில் போட்டது, கோல் அடித்தபோது போட்டது வேறு என்று அவருடைய மகள் சொன்னார். ஆனால் அந்த ஜேர்சி ஆட்டம் முடிந்ததும் மாற்றிக்கொண்ட இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹொட்ஜிடமே இருந்தது, பிறகு பல வருடம் மன்செஸ்டரில் உள்ள தேசிய உதைபந்தாட்ட அருங்காட்சியகத்தில் எல்லோரும் பார்க்க இருந்தது, ஆட்டப் படங்களோடு அதன் நுணுக்கங்களும் ஒத்துப்போயின. 71 இலட்சம் பவுணுக்கு மேல் போனது.

நம் ஊரில் இதைக் கேட்க இன்னொரு வழியும் உண்டு. 1982 பெப்ரவரியில் கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் நடந்த இலங்கையின் முதல் டெஸ்ட்டின் மட்டை, அன்றிலிருந்து வலிகாமத்து வீட்டில் இருந்தது என்று ஒருவர் சொன்னால், போரால் வலிகாமமே வெளியேறிய 1995 இடப்பெயர்வில் அது எங்கே போனது என்று தன்மையாகக் கேளுங்கள். அந்த ஒக்டோபர் இரவில் எதைத் தூக்கினோம், எதை விட்டுவந்தோம் என்பதை எந்த வீடும் மறக்கவில்லை. உண்மையாக வைத்திருந்தவர் யார் சுமந்தது, யார் வீட்டில் வைத்தது என்று சொல்லிக்கொண்டே போவார்.

சந்தேகம் வந்துவிட்டால் மட்டையைத் துடைக்கவோ சட்டத்தைக் கழற்றவோ வேண்டாம். பேஸ்புக்கில் சண்டை தொடங்கவும் வேண்டாம். ஏல விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைப் படமெடுத்து, பற்றுச்சீட்டோடு சேர்த்து, நிபந்தனையில் உள்ள நாட்களுக்குள் எழுத்தில் அறிவியுங்கள். அந்த நாட்கள் தாண்டினால் கேட்பது கடினம், எனக்கு நடந்தது அதுதான்.

என்னுடைய மட்டை இன்னும் இருக்கிறது. இன்னொரு சங்கம் ஏலத்துக்குத் தரச்சொல்லிக் கேட்டது, கொடுக்கவில்லை. கையெழுத்துகள் அச்சடித்தவை என்று எழுதி, சட்டத்தின் பின்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.