காகிதத்தில் ஏறும் தண்ணீர்: நிமிடத்துக்கு நிமிடம் பாருங்கள்

பணகுடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். காகிதத்தைத் தண்ணீரில் தொடவிட்டு, "ஏறுது பாத்தீங்களா" என்று முடித்துவிடாதீர்கள். எந்த வேகத்தில் ஏறுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

வடிதாளை 2 செ.மீ. அகலத்தில், சுமார் 12 செ.மீ. நீளப் பட்டையாக வெட்டுங்கள். வடிதாள் இல்லாவிட்டால் டிஸ்யூ பேப்பர் போதும். நோட்டுத்தாள் சரிவராது, மை பரவாமலிருக்க அதில் பசை சேர்த்திருப்பார்கள். அடியிலிருந்து 1 செ.மீ. விட்டு ஒரு கோடு, அதுதான் பூஜ்யம். அதற்கு மேல் செ.மீ.க்கு ஒரு கோடு. எல்லாம் பென்சிலில்தான். பேனா என்றால் மையும் சேர்ந்து ஏறிவிடும்.

உயரமான கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் தண்ணீர், ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர். தம்ளரின் வாயில் குறுக்கே பென்சிலை வைத்து, பட்டையை அதில் தொங்கவிடுங்கள். பூஜ்யக் கோடு தண்ணீர் மட்டத்தில் இருக்கட்டும். ஃபேனை நிறுத்திவிடுங்கள். எங்கள் ஊரில் ஆனி, ஆடிக் காற்றில் ஜன்னலையும் சாத்தியாக வேண்டும்; இல்லையென்றால் பட்டை ஆடி, கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்.

முதல் நிமிடம் முடிந்ததும் ஈரத்தின் விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். நிறம் சற்றுப் பின்தங்கலாம், அதைப் பார்க்க வேண்டாம். அப்புறம் கேளுங்கள்: "நாலாவது நிமிஷம் எங்க நிக்கும்?" என் வகுப்பில் எல்லோரும், "நாலு மடங்கு டீச்சர்!" என்றார்கள். ஏறக்குறைய இரண்டு மடங்குதான் வந்தது. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன் சொன்னான்: "தண்ணிக்கு மூச்சு வாங்குது டீச்சர்."

கிட்டத்தட்ட அதுதான் காரணம். நார்களுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் தண்ணீரை மேலே இழுக்கின்றன. இதுதான் நுண்புழை ஏற்றம். ஆனால் ஏற ஏற, நனைந்த நீளம் முழுவதையும் கடந்து தண்ணீர் வர வேண்டும். வழி நீளும்போது தடையும் கூடுகிறது. 1921-இல் எட்வர்ட் வாஷ்பர்ன் இதைச் சமன்பாடாக எழுதினார். ஏழாம் வகுப்புக்கு அது வேண்டாம், அவர்கள் குறித்த எண்களே போதும். குறுக்குத்துறைப் படித்துறையில் கரண்டைக்கால் தண்ணீரில் நின்றாலும் வேட்டி அதற்கு மேல் நனைந்திருப்பதைச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

காய்ந்த பட்டையை நோட்டில் ஒட்டி, பக்கத்தில் நிமிடங்களை எழுதச் சொல்லுங்கள். அடுத்த வகுப்பில் அகலத்தை மட்டும் 4 செ.மீ. ஆக்குங்கள். வேகம் மாறுமா என்று, பட்டையைத் தொங்கவிடும் முன்பே ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்கிவிடுங்கள்.