கம்பெனி கைமாறும்போது: அவசரக் கையெழுத்தும் மற்ற தவறுகளும்

கடலூர் சிப்காட்டில் நான் வேலை பார்த்த பதினாறு வருடத்தில் எங்கள் கம்பெனி இரண்டு முறை கைமாறியது. கேட், மிஷின், கேண்டீன் சாம்பார் எல்லாம் அப்படியே இருந்தன. மாறியது பெயர்ப்பலகையும் யூனிஃபார்ம் நிறமும்தான் என்று நினைத்துக்கொண்டோம். எங்கள் முதல் தவறு அதுதான்.

முதல் முறை நடந்தபோது நான் சேர்ந்து நாலேகால் வருடம். ராத்திரி பத்து மணிக்கு ஷிப்ட் முடிகிற நேரம், கேண்டீனில் கம்பெனி ஆட்கள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு இரண்டு தாள். ஒன்று பழைய கம்பெனிக்கு ராஜினாமா, இன்னொன்று புதிய கம்பெனியின் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். சம்பளத்தில் 1,500 கூடுதல். வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அதை விட்டால் வேறு வண்டி கிடையாது. கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினோம். பாய்லர் பக்கம் இருந்த அண்ணன் ஒருவர் மட்டும் தாளை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து, கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கேட்டார்:

“சார், என்னோட பழைய சர்வீஸ் இதுல எங்க இருக்கு?”

“அதெல்லாம் தானா கன்டின்யூ ஆகும்ணே.”

“அப்ப அதை ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க.”

அன்றைக்கு அவர் பஸ்ஸை விட்டார். பத்து நாள் கழித்து அவருக்குத் தனியாக ஒரு கடிதம் வந்தது. எங்களில் யாருக்கும் வரவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை.

அந்த ஒரு வரிக்கு என்ன மதிப்பு என்று பிறகுதான் புரிந்தது. கிராஜுவிட்டி என்பது வேலையை விட்டு விலகும்போது கம்பெனி தருகிற பணிக்கொடை. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் சேர்த்து, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஒவ்வொரு வருட சர்வீஸுக்கும் தருவது. நிரந்தர வேலையில் இருப்பவருக்குத் தொடர்ந்து 5 வருடம் ஆகியிருக்க வேண்டும். நான் விலகும்போது அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 26,000. அதாவது வருடத்துக்கு 15,000. ராஜினாமாத் தாளில் போன நாலு வருடம் கணக்கில் வரவில்லை. 1,500 ரூபாய்க்கு ஆசைப்பட்டு விட்டது 60,000.

சட்டம் இதில் நம் பக்கம்தான் இருக்கிறது. 1947-ஆம் வருடத் தொழில் தகராறு சட்டத்திலேயே, தொழிற்சாலை வேறு முதலாளிக்கு மாறினால் சர்வீஸ் அறுபடக் கூடாது, சம்பளமும் சலுகைகளும் குறையக் கூடாது, பிறகு ஆட்குறைப்பு நடந்தால் பழைய சர்வீஸையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இதில் ஒன்று இல்லையென்றாலும் தொழிலாளிக்கு இழப்பீடு கிடைக்க வேண்டும். ஆனால் நாமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் வாதாட வேண்டிய வேலையும் நம் தலையில்தான் விழும். அப்புறம், விற்றது பங்குகளை மட்டும் என்றால் சட்டப்படி கம்பெனி அதேதான். புது ஆர்டரோ ராஜினாமாவோ தேவையே இல்லை. எங்களுக்கு இரண்டாவது முறை நடந்தது அதுதான். விற்றது பங்கா, தொழிலா என்று முதல் நாளே கேளுங்கள்.

சம்பள உயர்வையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கலாம். மாதச் சம்பளம் 21,000-க்குள் இருப்பவர்களுக்குத்தான் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு. புதிய கம்பெனியில் 20,500-லிருந்து 22,000-க்குப் போனால் அதிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள். புதுச்சேரி கோரிமேடு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு வைத்தியம் பார்க்கிறவருக்கு இது உயர்வா என்பதை அவரேதான் கணக்குப் போட வேண்டும். பதிலுக்கு கம்பெனி மெடிக்கல் இன்ஷூரன்ஸ் தருகிறதா, அதில் பெற்றோர் உண்டா என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

பி.எஃப். விஷயத்தில் பலரும் செய்வது, பழைய கணக்கை எடுத்துச் செலவழித்துவிடுவது. ஐந்து வருடம் ஆகாமல் எடுத்தால் வரி வரும். பென்ஷனுக்கு 10 வருட சர்வீஸ் வேண்டும், அந்த எண்ணிக்கையும் அறுந்துபோகும். மாற்றிக்கொள்வதுதான் சரி. அதற்குப் பழைய கம்பெனி உங்கள் கடைசி நாளைப் பதிவு செய்திருக்க வேண்டும். செய்யாவிட்டால், கடைசிச் சந்தா போய் இரண்டு மாதம் கழித்து பி.எஃப்.-இன் யூ.ஏ.என். தளத்தில் நீங்களே பதியலாம். நம் ஊருக்கே உரிய தொல்லை இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பி.எஃப்.-இல் வெறும் எழுத்து. கைமாறுவதற்கு முன்பே திருத்திவிடுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. டீக்கடையில் “மூடப்போறாங்களாம்” என்று யாரோ சொன்னதும் எழுதிக் கொடுத்துவிட்டு ஓடுவது. ஆட்குறைப்பு என்றால் வருடத்துக்கு 15 நாள் சம்பளம் இழப்பீடு உண்டு. தானே விலகினால் அது கிடையாது.

பெரிய கை வாங்கியிருக்கிறது, இனி கவலையில்லை என்று சாய்ந்துகொள்வதும் அப்படித்தான். புதுச்சேரியில் சவானா மில் சுதேசி மில் ஆனது, கெப்ளே மில் பாரதி மில் ஆனது. முதலியார்பேட்டை ஆட்கள் இன்றைக்கும் ரோடியர் மில் என்று சொல்கிற ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ்) அரசின் கைக்கே போனது. அதைவிடப் பெரிய கை எது? 2011 டிசம்பரில் தானே புயல் அடித்ததில் பலத்த சேதம், 2020-இல் மூடியே விட்டார்கள்.

நல்லது எதுவுமே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. இரண்டாவது முதலாளி வந்த பிறகுதான் எங்களுக்கு உருப்படியான மாஸ்க்கும் கையுறையும் கிடைத்தன. பர்மிட் இல்லாமல் டேங்குக்குள் ஆளை இறக்குவது நின்றது. ஸ்டோர்ஸில் சாஃப்ட்வேர் போட்டார்கள். “நமக்கு எதுக்கு, நோட்டுப் புத்தகம் போதும்” என்று நான் ஒதுங்கிக்கொண்டேன். காண்ட்ராக்டில் வந்த குறிஞ்சிப்பாடிப் பெண் ஒருவர், சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் பக்கத்திலேயே ஒரு மாதம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இரண்டு வருடத்தில் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் நல்ல வேலைக்குப் போய்விட்டார். மாறுகிற கம்பெனியில் யாருக்கும் எதுவும் தெரியாத சில மாதங்கள் இருக்கும். கேள்வி கேட்டால் யாரும் முறைக்காத காலம் அது. நான் அதை வீணடித்தேன்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. கைமாறிய சில வாரங்களில் பழைய கம்பெனியின் மெயிலும் சம்பளத் தளமும் மூடப்பட்டுவிடும். அதற்குள் சம்பளச் சீட்டு, பழைய அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், இன்க்ரிமென்ட் கடிதம், வரி பிடித்ததற்கான ஃபார்ம் 16 எல்லாவற்றையும் உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பிவையுங்கள். பாய்லர் அண்ணன் தன் கடிதத்தை லேமினேட் செய்து, ரேஷன் கார்டு வைக்கிற டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். ரிட்டயர் ஆகிற அன்று அதைத்தான் முதலில் எடுத்து மேசைமேல் வைத்தார்.