கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கப் பழகுவது எப்படி

கொழும்பு விகாரமகாதேவி பூங்காவின் மர நிழலில் ஒரு சனிக்கிழமை காலை, ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவைச் சேர்ந்த எட்டுப் பேரிடம் இரண்டு பலகைகளையும் நான்கு மரப்பெட்டிகளையும் கொடுத்து, கயிற்றால் அடையாளமிட்ட ‘ஆற்றை’ நிலத்தில் கால்படாமல் கடக்கச் சொல்லியிருந்தேன். மூன்றாவது பெட்டிக்குப் பலகை எட்டவில்லை. அவர்கள் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல், “பலகையைக் குறுக்கே திருப்புங்கள்” என்று சொல்லிக்கொண்டே நான் கயிற்றைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். பெட்டியின் மேல் நின்ற பெண்ணொருவர் திரும்பிப் பார்த்து, “அண்ணா, நீங்கள் கொஞ்சம் பேசாமல் நில்லுங்கோ, நாங்களே செய்து பார்க்கிறம்” என்றார். நேரம் முடியும் வரை அவர்களால் ஆற்றைக் கடக்க முடியவில்லை. ஆனால் அதன் பிறகு வட்டமாக அமர்ந்தபோது, யார் சொன்னதை யார் கேட்கவில்லை, அலுவலகத்தில் மாதக் கடைசியிலும் இதுவேதான் நடக்கிறதா என்றெல்லாம் அரை மணித்தியாலத்துக்கு மேல் தாங்களாகவே கதைத்தார்கள். அதே காலையில் முதலில் வந்த அணி என் உதவியோடு விளையாட்டை விரைவாக முடித்திருந்தது. அவர்களிடம் கதைப்பதற்கு எதுவும் இருக்கவில்லை.

நிறுவன அணிகளை இப்படியான விளையாட்டுகளில் ஈடுபடுத்தும் வெளிக்களப் பயிற்றுநராக வேலை செய்து நான் கற்றவற்றில் பெரும்பகுதி அந்தக் காலையிலிருந்து தொடங்கியது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கும், வீட்டிலோ அலுவலகத்திலோ பிறருக்கு ஏதாவது கற்றுக்கொடுக்க வேண்டியவர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில், அவற்றை நான் பழகிய முறையோடு எழுதுகிறேன்.

முதலில் பழக வேண்டியது உதவி செய்யாமல் நிற்பது. அதற்கு நான் கைக்கொள்ளும் வழி மிகவும் எளிமையானது: விளையாட்டைத் தொடக்கிவைத்தவுடன் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோர்த்துக்கொள்வேன். உள்ளே போக வேண்டும் என்ற துடிப்பு வரும்போது, இவர்களில் யாருக்காவது உடம்பில் அடிபடுமா என்ற ஒரே கேள்வியை என்னிடமே கேட்பேன். அடிபடும் என்றால் ஒரு கணமும் தாமதிக்காமல் நிறுத்துவேன். இல்லையென்றால் மனதுக்குள் 20 வரை எண்ணுவேன். எண்ணி முடிப்பதற்குள் பெரும்பாலும் யாராவது ஒருவர் வாயைத் திறந்துவிடுவார். இந்தப் பழக்கம் தொழிலோடு நின்றுவிடுவதில்லை என்பது எனக்கே பின்னர்தான் விளங்கியது. அம்மா தொலைபேசியில் மின்சாரக் கட்டணம் செலுத்தப் பழகிய நாட்களில், ஒவ்வொரு முறையும் அதைப் பறித்து நானே அழுத்திக்கொடுப்பது என் வழக்கமாக இருந்தது. ஒருநாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பதினைந்து நிமிடம் சென்றது, இடையில் இரண்டு முறை ஏச்சும் வாங்கினேன். ஆனால் அடுத்த மாதம் அம்மா என்னைக் கூப்பிடவில்லை.

கேள்வி கேட்டுவிட்டு மௌனமாக இருப்பதும் இதே வகையைச் சேர்ந்ததுதான், ஆனால் இதைவிடக் கடினமானது. அமெரிக்காவில் அறிவியற் கல்வியை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் ஒரு கேள்வியைக் கேட்ட பின்னர் சராசரியாக ஒரு விநாடி அளவே பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை மூன்று விநாடிகளாக நீட்டினாலே பதில்கள் நீளமாகவும் ஆழமாகவும் வருகின்றன என்பதையும் 1970களில் எடுத்துக்காட்டினார். பூங்காவில் வியர்த்துக் களைத்து அமர்ந்திருப்பவர்களுக்கு மூன்று விநாடிகள் போதாது என்பது என் அனுபவம். நான் கேள்வியைக் கேட்டுவிட்டுத் தண்ணீர்ப் போத்தலின் மூடியை மெதுவாகத் திறந்து, ஒரு மிடறு குடித்து, மறுபடி மூடுவேன். அது ஏறக்குறைய பத்து விநாடிகள் எடுக்கும். என் வாயையும் அடைத்துவைக்கும்.

கொழும்பில் இந்த வேலைக்கு மொழி ஒரு தனிப் பாடம். ஒரே அணியில் வெள்ளவத்தையிலிருந்து வந்த தமிழரும், மகரகமையிலிருந்து வந்த சிங்களவரும், வீட்டில் ஆங்கிலமே கதைத்து வளர்ந்தவரும் இருப்பார்கள். ஒவ்வொரு விதியையும் மூன்று மொழிகளிலும் சொல்லத் தொடங்கினால், இரண்டாவது மொழிக்குப் போகும்போதே முதல் மொழிக்காரர் தொலைபேசியை எடுத்துவிடுவார். ஆகவே சொல்ல வேண்டியதைச் சுருக்குங்கள்: ஒரு விளையாட்டின் விதிகளை மூன்று சிறு வாக்கியங்களுக்குள் அடக்க முடியவில்லை என்றால், அந்த விளையாட்டு உங்களுக்கே இன்னும் சரியாக விளங்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். மிகுதியைச் செய்து காட்டுங்கள். என் சிங்களம் வேலை செய்துகொண்டே கற்றது, அதனால் பிழைகள் வரும். கயிற்றைக் கட்டிவிட்டீர்களா என்று கேட்க நினைத்து ஓர் இளைஞரிடம் “பெந்தலாத?” என்றேன். கட்டுவதற்கும் கலியாணம் முடிப்பதற்கும் சிங்களத்தில் அதே வினைச்சொல் வழங்குவதால், அவர் நாணத்தோடு “இன்னும் இல்லை” என்றார். அணி முழுவதும் சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆனது. முன்பென்றால் வெட்கத்தில் ஆங்கிலத்துக்குத் தாவியிருப்பேன். அன்று நானும் சிரித்துவிட்டு, சரியான சொல்லை அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதுவரை வாய் திறக்காதிருந்த இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் அதன் பிறகு தங்களுக்குத் தெரிந்த சிங்களத்தில் கதைக்கத் தொடங்கினார்கள்.

பயத்தைக் கையாள்வதில் நான் ஒரு பிழை செய்திருக்கிறேன். உயரமான கயிற்றுப் பாலத்தில் ஏறத் தயங்கிய நடுத்தர வயதுக்காரர் ஒருவரை, எல்லோரையும் கைதட்டச் செய்து ஏற்றிவிட்டேன். அவர் கடந்தார். இறங்கிய பிறகு கைநடுக்கம் நிற்காமல் ஒரு மூலையில் போய் அமர்ந்தவர், அன்று மாலை வரை எவரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கைதட்டலுக்குப் பணிந்து ஏறியவருக்குத் தன் பயத்தைப் பற்றி எதுவும் விளங்கியிருக்காது. மற்றவர்கள் முன்னிலையில் மறுக்க முடியாது என்பது மட்டுமே விளங்கியிருக்கும். அதன் பிறகு உயரத்துக்குப் போகும் எந்தப் பயிற்சியிலும் மூன்று நிலைகளை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஏணியின் பாதிவரை ஏறலாம், மேடைவரை போகலாம், முழுவதும் கடக்கலாம். யார் எதைத் தெரிவு செய்கிறார் என்பதை என்னிடம் தனியாகச் சொன்னால் போதும். கைதட்டுவதும் கூச்சலிடுவதும் இறங்கிய பிறகுதான். உங்கள் பயத்தையும் ஒளிக்க வேண்டியதில்லை. நான் கொட்டாஞ்சேனையில், கடலுக்குக் கிட்ட வளர்ந்தும் 27 வயது வரை நீச்சல் தெரியாதவன். பத்து வயதுப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் நின்று கற்றேன். அந்த வகுப்பில் ஆறு மாதம் கற்றது, எந்தக் கைநூலையும்விட அதிகமாக, தயங்கி நிற்பவரின் பக்கத்தில் எப்படி நிற்க வேண்டும் என்பதை எனக்குக் காட்டியது.

‘முடியாது’ என்று சொல்லப் பழகுவதற்கு வானிலையைவிட நல்ல ஆசிரியர் இல்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமழை வருவது நமக்கெல்லாம் தெரிந்ததே. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். 30 விநாடிகளுக்குள் இடி கேட்டால் அது சுமார் 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது என்று பொருள், எல்லோரும் கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடங்கள் கழியும் வரை வெளியே வரக் கூடாது. மரத்தடியில் ஒதுங்குவது பாதுகாப்பல்ல. பத்தரமுல்லைப் பக்கத்து ஏரிக்கரையொன்றில் நான் 12 வரை எண்ணியபோதே இடி கேட்ட நேரத்தில், பயிற்சிக்குப் பணம் கொடுத்த நிறுவனத்தின் முகாமையாளர், “இன்னும் பத்து நிமிடம்தானே, முடித்துவிடுங்கள்” என்றார். நான் உடன்பட்டேன். மின்னல் எங்கள் மீது விழவில்லை என்பதால் நான் எடுத்த முடிவு சரியாகிவிடாது; அன்றிரவு உறக்கம் வரவில்லை. இப்போது நிறுத்துவதற்கான விதிகளைக் காலையிலேயே, முகாமையாளரும் நிற்கும்போது, உரத்து வாசித்துவிடுகிறேன். பிற்பகலில் அவருடைய முகத்தைப் பார்த்து மறுப்பதைவிட, காலையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விதியைக் காட்டுவது எளிது. கடன் கேட்டு வரும் உறவினருக்கும் இதே வழி உதவுகிறது என்பதை இடையில் சொல்லி வைக்கிறேன்.

வெயிலைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கொழும்பின் ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் உலராது, உடல் குளிராது. ஓட்டமும் தூக்கலும் காலை பத்து மணிக்கு முன்னர் முடிந்துவிட வேண்டும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புத்தூள் பொதி ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும், அவசரத்துக்கு 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கம் எல்லோர் தொலைபேசியிலும் இருக்கட்டும்.

தலைமை தாங்கிப் பழகியவர் ஆண்டுக்கு ஒரு தடவையாவது இன்னொருவரின் கட்டளைக்குப் பணிந்து நடக்கும் இடத்துக்குப் போக வேண்டும். எனக்கு அது, வேகமாகப் பாயும் ஆற்றில் படகு விடும் கித்துல்கல. அவிசாவளை வழியாக அணியைக் கூட்டிச்சென்று, களனி ஆற்றில் படகு ஏறிய பின்னர், என் விசிலுக்கு அங்கே வேலை இல்லை. மேலேயுள்ள நீர்மின் நிலையங்கள் திறந்துவிடும் தண்ணீரைப் பொறுத்து ஆற்றின் மட்டம் மாறும். அதைப் பார்த்தவுடன் கணிப்பவர் அந்த ஊரில் பிறந்து வளர்ந்த வழிகாட்டி. என்னைவிடப் பத்து வயது இளையவரான அவர் “துடுப்பைப் போடு” என்றால் போட வேண்டும், “நிறுத்து” என்றால் நிறுத்த வேண்டும். ஏன் என்று கேட்க நேரமில்லாத இடத்தில் ஒரு கட்டளை எவ்வளவு குறுகியதாக இருக்க வேண்டும் என்பதை அந்தப் படகில்தான் காதால் கேட்டு அறிந்தேன்.

இவையெல்லாம் நினைவில் நிற்க வேண்டுமென்றால் எழுத வேண்டும். பயிற்சி முடிந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, வெள்ளவத்தையில் இறங்குவதற்குள், ஒரு சிறிய கொப்பியில் என்ன நடந்தது, ஏன் நடந்தது, அடுத்த முறை எதை மாற்றுவேன் என்று சில வரிகள் எழுதுகிறேன். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால், சோற்றுக்கும் குளியலுக்கும் பிறகு எல்லாமே நன்றாக நடந்ததாகத்தான் தோன்றும். இருக்கை கிடைக்காத நாட்களில் நின்றுகொண்டே எழுதியதில் பாதி எழுத்துகள் எனக்கே விளங்குவதில்லை. போன வாரத்துப் பக்கம் மட்டும் தெளிவாக இருக்கிறது: “இன்றும் நானே முடிச்சை அவிழ்த்துக் கொடுத்துவிட்டேன். ஏன்? மதியச் சாப்பாடு ஆறிவிடும் என்ற அவசரம். அடுத்த முறை சாப்பாட்டை அரை மணித்தியாலம் பிந்திக் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.”