மலத்தில் ரத்தம்: மூலம் என்று முடிவு கட்டும் முன்

மலத்தோடு ரத்தம் போனால் பலரும் முதலில் வாங்குவது மூலத்துக்கான களிம்பு. அதிலேயே பல மாதம் ஓடிவிடும். மூலம் இருப்பவருக்கும் குடலில் புற்றுநோய் இருக்கலாம். 3 வாரத்துக்கு மேல் மலம் போகும் முறை மாறியிருந்தாலோ, போய் வந்த பிறகும் மிச்சம் இருப்பது போலத் தோன்றினாலோ, காரணம் தெரியாமல் எடை குறைந்தாலோ டாக்டரைப் பாருங்கள். ஆசனவாயில் விரல் விட்டுப் பார்க்காமல் மூலத்துக்கு மருந்து எழுதினால், சோதித்துப் பார்க்கும்படி நீங்களே கேளுங்கள். பெருங்குடலின் வலப்பக்கக் கட்டியில் ரத்தம் கண்ணுக்கே தெரியாமல் கசியும். சோர்வும் இரும்புச்சத்துக் குறைவும்தான் தெரியும். வயதான ஆணுக்கு ஹீமோகுளோபின் இறங்கினால் சத்து மாத்திரையோடு விட்டுவிடக் கூடாது.

புற்றுநோயை உறுதிசெய்ய, ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபியும், அதில் எடுக்கும் சதைத்துணுக்கின் பயாப்ஸியும் வேண்டும். ரத்தத்தில் பார்க்கும் சிஇஏ என்ற புரதத்தின் அளவை வைத்து மட்டும் எதுவும் சொல்ல முடியாது. புகைப்பவருக்கு அது சும்மாவே கூடும். புற்றுநோய் உள்ள சிலருக்கு இயல்பாகவே இருக்கும்.

கொலனோஸ்கோபி சொதப்புவது பெரும்பாலும் குடலைச் சரியாகச் சுத்தம் செய்யாததால்தான். ஒரு வாரம் முன்பே இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்துங்கள். அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடலில் ஒட்டவைக்கும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் பற்றியும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். டாபாகிளிஃப்ளோசின் போன்றவற்றை 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். கடைசி 2, 3 நாள் கீரை, கொய்யா, தக்காளி, வெண்டைக்காய், கேழ்வரகு, கம்பு வேண்டாம். இட்லி, வெள்ளைச் சோறு, தயிர், முட்டை, மீன் போதும். முந்தின நாள் இளநீர், வடிகட்டிய ரசம், பால் விடாத டீ என்று தெளிந்த நீராகாரம் மட்டும். பீட்ரூட், திராட்சைச் சாறு கூடாது. அந்தச் சிவப்பு உள்ளே ரத்தம் போலத் தெரியும்.

பேதிப் பொடியைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில், வழக்கமாக 2 லிட்டரில், கரைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். 10, 15 நிமிடத்துக்கு ஒரு டம்ளர். குமட்டினால் அரைமணி நேரம் விட்டுத் தொடரலாம். முந்தின இரவு பாதி, சோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பு மீதி. விடியற்காலையில் எழ அலுத்துக்கொண்டு பலர் இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள். இரவில் சிறுகுடலிலிருந்து இறங்கும் பித்தநீர் ஏறுகுடலில், அதாவது பெருங்குடலின் வலப்பக்கத்தில், படிந்துவிடும். தட்டையான சிறு கட்டிகள் அதற்கடியில் மறைந்துபோகும். கடைசியில் போவது சிறுநீர் போல மஞ்சளாக, துணுக்கு இல்லாமல் இருந்தால் குடல் தயார். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் பொடியைத் தொடாதீர்கள். அது குடல் அடைப்பாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மயக்க ஊசி போடுவார்கள் என்பதால் துணைக்கு ஆள் வேண்டும், அன்று வண்டி ஓட்டக் கூடாது.

ரிப்போர்ட்டில், குழாய் பெருங்குடலின் தொடக்கம்வரை போனதா, கட்டி ஆசனவாயிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் இருக்கிறது என்று பாருங்கள். புற்றுநோய் என்று தெரிந்தால் மார்பு, வயிறு, இடுப்புக்கு சிடி ஸ்கேன். மலக்குடலில் என்றால் எம்ஆர்ஐயும் வேண்டும். பெருங்குடல் கட்டிக்குப் பெரும்பாலும் முதலில் ஆபரேஷன். வெட்டியெடுத்ததில் புற்றுநோய் பரவக்கூடிய நிணநீர்க் கணுக்களில் குறைந்தது 12-ஐயாவது சோதித்திருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. கணுவில் நோய் இருந்தால் 3 முதல் 6 மாதம் கீமோ. அதில் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து ஏறினால் சில நாளைக்கு ஐஸ் தண்ணீர் பட்டாலே விரலும் தொண்டையும் மரத்துச் சுரீரென்னும், வெதுவெதுப்பாகவே குடியுங்கள். மலக்குடல் கட்டி முற்றியிருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே கதிர்வீச்சு கொடுப்பார்கள். மலம் சேர வயிற்றில் பை வைத்தால், அது தற்காலிகமா நிரந்தரமா என்று முன்பே கேளுங்கள். பலருக்குப் பிறகு எடுத்துவிடுவார்கள்.

கட்டித் திசுவில், மரபணுப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும் எம்எம்ஆர் சோதனையையும் கேட்டு வாங்குங்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி பலிக்குமா, நோய் பரம்பரையாக வந்திருக்குமா என்பதற்கு அதில் துப்பு கிடைக்கும். நோயாளியின் பிள்ளைகளும் கூடப்பிறந்தவர்களும் 40 வயதில், அல்லது நோயாளிக்கு நோய் தெரிந்த வயதுக்கு 10 வருடம் முன்பு, இரண்டில் எது முந்தியோ அப்போது கொலனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். பரம்பரை நோய் என்று உறுதியானால் இன்னும் இளவயதிலேயே தொடங்கச் சொல்வார்கள்.