தோல் கிளினிக்கில் நோயாளரின் அனுபவத்தை அளப்பது எப்படி

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒரு தோல் கிளினிக்குக்கு வருபவரின் உடலில் படை எவ்வளவு பரவியிருக்கிறது, எவ்வளவு சிவந்து தடித்திருக்கிறது என்பதை வைத்தியர் பார்த்த மாத்திரத்தில் மதிப்பிட்டுவிடுவார். ஆனால் அவர் இரவில் கடி (அரிப்பு) தாங்காமல் எழுந்து உட்கார்ந்திருந்தாரா, அறுவடைக் காலத்தில் வயலுக்குப் போகாமல் நின்றாரா, அம்மன் கோயில் சடங்குக்கோ கந்தூரிக்கோ போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டாரா என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒருவரின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவருடைய உடற்பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம்தான். இரண்டு உள்ளங்கைகளிலும் வெடிப்புள்ள ஒரு மீனவரால் வலை இழுக்க முடியாது என்பதை அந்தச் சதவீதம் சொல்லாது. அதை அவரிடமே, ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகக் கேட்டு எழுதி வைப்பதற்கான வழி இது.

முதலில் கருவி. வளர்ந்தவர்களுக்கு, எந்தத் தோல்நோயாக இருந்தாலும், 1994இல் கார்டிஃபில் ஃபின்லேயும் கானும் உருவாக்கிய டி.எல்.கியூ.ஐ. எனப்படும் தோல்நோய் வாழ்க்கைத்தரச் சுட்டி போதுமானது. கடந்த ஒரு வாரத்தைப் பற்றிய 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 30. நிரப்பச் சில நிமிடங்களே ஆகும். 4 முதல் 16 வயது வரையான பிள்ளைகளுக்குத் தனிப் பத்திரம் உண்டு, அதன் படம் போட்ட வடிவத்தைப் பிள்ளைகள் விரும்பி நிரப்புவார்கள். எக்ஸிமா உள்ளவர்களுக்கு 7 கேள்விகள் கொண்ட, 28 புள்ளிகள் வரையான போயம் பத்திரத்தைப் பயன்படுத்தலாம். ஒரு கிளினிக்கில் ஒரு கருவியோடு தொடங்குவதே நல்லது. மூன்றைச் சேர்த்துக் கொடுத்தால் தாதியரும் களைப்பார்கள், நோயாளரும் களைப்பார்கள். கேள்விகளை நீங்களே தமிழாக்கம் செய்யாதீர்கள். டி.எல்.கியூ.ஐ.யின் அங்கீகரிக்கப்பட்ட தமிழ்ப் பிரதி உண்டு. வழக்கமான சிகிச்சைக்கு அதை இலவசமாகப் பயன்படுத்தலாம்.

பத்திரத்தை வைத்தியரைக் காண்பதற்கு முன்பே, காத்திருக்கும் நேரத்தில் கொடுங்கள். வைத்தியரைக் கண்டு மருந்தும் எடுத்த பிறகு கொடுத்தால், படுவான்கரைக்குப் பஸ் பிடிக்க வேண்டியவர் ஏதோ ஒரு கட்டத்தில் அடையாளமிட்டுவிட்டுப் போய்விடுவார். வாசிக்க இயலாதவருக்குத் தாதி ஒருவர் கேள்வியை எழுதியுள்ளபடியே, தன் சொற்களைக் கலக்காமல் வாசித்துக் காட்ட வேண்டும். கூட வந்த கணவரோ மாமியாரோ மகனோ வாசிக்கக் கூடாது. துணையோடும் உறவினரோடும் உண்டான சிக்கல் பற்றியும் தாம்பத்திய உறவு பற்றியும் கேள்விகள் இருக்கின்றன. வரிசையில் நிற்பவர்கள் கேட்கும்படி அவற்றை வாசித்தால் எல்லோரிடமிருந்தும் "இல்லை" என்ற பதில்தான் வரும். ஒரு திரையும் இரண்டு கதிரைகளும் இருந்தால் போதும்.

கூட்டும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும். ஏழாவது கேள்வியில், வேலைக்கோ படிப்புக்கோ போகவிடாமல் நோய் தடுத்தது என்றால் நேரே 3 புள்ளி. ஒரு கேள்வி விடுபட்டிருந்தால் அதற்கு 0. இரண்டோ அதற்கு மேலோ விடுபட்டால் மொத்தத்தைக் கணிக்காதீர்கள். "பொருந்தாது" என்ற பதிலுக்கும் 0 புள்ளிதான், ஆனால் அங்கேதான் உண்மை ஒளிந்துகொள்கிறது. நோயினாலேயே வெளியே போவதை என்றோ விட்டுவிட்ட பெண், வெளியே போவது பற்றிய கேள்விக்குப் "பொருந்தாது" என்று அடையாளமிடுவார். அவருடைய மொத்தம் குறைந்து, சுமை இலேசானது போலத் தோன்றும். அத்தகைய பதிலைக் கண்டால், முன்பு போய்வந்தீர்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

மொத்தம் 0–1 என்றால் பாதிப்பு இல்லை, 2–5 சிறிது, 6–10 நடுத்தரம், 11–20 மிக அதிகம், 21–30 மிகக் கடுமை. அடுத்த முறை குறைந்தது 4 புள்ளி மாறினால்தான் நோயாளர் உணரக்கூடிய மாற்றம் என்று கொள்ளலாம். எனினும் மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பத்திரத்தை மூடுவது, என் கருத்தில், அதைக் கொடுக்காமலே இருப்பதை விட மோசமானது. 12 புள்ளி பெற்ற இருவரில் ஒருவர் கடியால் தூங்காதவராகவும், மற்றவர் வெட்கத்தால் ஒதுங்கியவராகவும் இருக்கலாம். முதலாமவருக்கு வேண்டியது மருந்து மாற்றம், இரண்டாமவருக்கு நோய் தொற்றாது என்பதை வீட்டாரையும் அழைத்து விளக்குவது. மட்டக்களப்பு வாவியின் மாந்தீவில் தொழுநோயாளருக்கென வைத்தியசாலை அமைந்த மாவட்டம் இது. காளாஞ்சகப்படை எனப்படும் சொரியாசிஸையோ வெண்புள்ளியையோ கண்டு அயலவர் ஒதுங்கும்போது, அந்தப் பழைய பயமும் அதற்குள் இருக்கிறது. பத்தாவது கேள்வி சிகிச்சையே தரும் தொல்லையைப் பற்றியது. அங்கு உயர்ந்த புள்ளி வந்தால், களிம்பு உடுப்பில் ஒட்டுகிறதா, பூச நேரம் இல்லையா, கிளினிக்குக்கு வரும் நாளில் கூலி போகிறதா என்று விசாரியுங்கள். பூசாமல் விட்ட களிம்பை வேலை செய்யாத களிம்பு என்று எண்ணி, வலிமையான மருந்துக்குத் தாவும் தவறு அப்போது நேராது.

இந்தச் சுட்டி மனச்சோர்வைப் போதிய அளவு பிடிப்பதில்லை. ஆகவே புள்ளி உயர்ந்தவரிடமும், புள்ளி குறைந்திருந்தும் முகம் வாடியிருப்பவரிடமும், வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்ததா என்று நேராகவும் கனிவாகவும் கேட்க வேண்டும். வந்தது என்றால் அன்றே உளநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். தேசிய உளநல உதவி இலக்கமான 1926ஐயும் எழுதிக் கொடுங்கள்.

முதல் வருகையிலும், சிகிச்சை மாற்றி ஏறத்தாழ மூன்று மாதங்களிலும் அளந்தால் போதும். மாதந்தோறும் மருந்து எடுக்க வருபவரிடம் ஒவ்வொரு முறையும் பத்திரத்தை நீட்ட வேண்டியதில்லை. திகதியையும் மொத்தத்தையும் மட்டும் கிளினிக் கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கொப்பி வீட்டில் எல்லோர் கையிலும் போகும். ஆகவே பதில்கள் உள்ள பத்திரம் வைத்தியசாலைக் கோப்பிலேயே இருக்கட்டும்.