கிறிஸ்தவ ஆலோசகரின் தொழில்வளர்ச்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணியில் ஆண்டுகள் கூடக் கூடத் தேர்ச்சியும் தானாகக் கூடிவிடும் என்று நம்புவதுதான் ஆலோசகர்கள் செய்யும் முதல் தவறு. 170 சிகிச்சையாளர்களிடம் வந்த 6,500-க்கும் மேற்பட்டோர் அடைந்த பலனைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், அனுபவம் ஏறியபோது சராசரிப் பலன் உயரவில்லை. மிகச் சிறிய அளவில் குறையவே செய்தது. அந்தச் சராசரிக்குள் முன்னேறியவர்களும் இருந்தார்கள் என்பதால் இது மனம் தளர வேண்டிய செய்தி அல்ல. ஆனால், செய்த பணி பலித்ததா என்று பார்த்துச் சொல்ல இன்னொருவர் இல்லாவிட்டால், பழக்கம் மட்டுமே உறுதிப்படும். விசுவாசத்தோடு இந்தப் பணிக்கு வருபவருக்கு இதில் கூடுதலான ஓர் ஆபத்தும் உண்டு: பணியை இறை அழைப்பாகக் கருதுகிறவர், தம் முறையில் குறை காண்பவரை அழைப்பையே சந்தேகிப்பவராக எடுத்துக்கொண்டுவிடக்கூடும்.

சிகிச்சைக் கோட்பாடுகளை அணுகுவதில் இரண்டு எதிரெதிரான தவறுகள் நிகழ்கின்றன. கோட்பாட்டை வகுத்தவர் விசுவாசி அல்லர் என்ற காரணத்துக்காகவே சிலர் அதைப் படிக்காமல் ஒதுக்குகிறார்கள். கார்ல் ரோஜர்ஸ் இறையியல் கல்லூரியில் பயின்று, பின்னர் அதைவிட்டு உளவியலுக்கு வந்தவர். மனிதரின் இயல்பான நன்மையில் அவர் வைத்த நம்பிக்கையைக் கிறிஸ்தவ இறையியலோடு அப்படியே பொருத்த முடியாது என்பது உண்மைதான். அதற்காக, ஒருவர் மாறுவதற்குப் பரிவான புரிதலும் நிபந்தனையற்ற ஏற்பும் ஆலோசகரின் உள்ளும் புறமும் ஒத்த நேர்மையும் தேவை என்று 1957-இல் அவர் எழுதியதைக் கற்காமல் விடுவது ஆலோசனை தேடி வந்தவருக்குத்தான் இழப்பு.

மற்றத் தவறு, ஓர் உத்தியை மட்டும் எடுத்து அதன்மேல் ஒரு வசனத்தை ஒட்டிவிட்டு, விசுவாசத்தையும் உளவியலையும் இணைத்துவிட்டதாக நினைப்பது. "தேவன் என்னைக் கைவிட்டுவிட்டார்" என்று ஒருவர் சொன்ன மறுகணமே எபிரெயர் 13:5-ஐ வாசித்துக் காட்டுவதைச் சிலர் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று கருதுகிறார்கள். மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய இந்தச் சிகிச்சையில் ஆலோசகர் சரியான எண்ணத்தைக் கையில் கொடுப்பதில்லை; அந்த எண்ணம் எப்போது எழுந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, அதற்கு ஆதரவாகவும் எதிராகவும் என்னென்ன இருக்கின்றன என்று வந்தவரோடு சேர்ந்து ஆராய்கிறார். அந்த உழைப்பு நடந்த பிறகு அதே வசனம் அவருக்கு வேறு ஆழத்தில் போய்ச் சேரலாம். அதற்கு முன்னால் சொன்னால், தம் வேதனையை இவர் கேட்க விரும்பவில்லை என்பது மட்டுமே அவருக்குப் புரியும். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதைத் திருத்தி முடிக்காமல் வேதம் அப்படியே வைத்திருக்கிறது என்பதை ஆலோசகர்கள் எண்ணிப் பார்ப்பது நல்லது.

கோட்பாட்டு அறிவு இல்லாத நல்லெண்ணம் எவ்வளவு தீங்கு செய்யும் என்பதற்கு, சமயம் சார்ந்த எண்ண சுழற்சி நோயைவிட (OCD: அஞ்சவைக்கும் எண்ணம் திரும்பத் திரும்ப எழுந்து, அதைத் தணிக்க ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்யவைக்கும் நோய்) தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஒருவர் வந்து, தாம் மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டதாக அஞ்சுகிறார். ஆலோசகர் ஆறுதல் சொல்லி, வசனம் காட்டி, ஜெபிக்கிறார். முகம் தெளிந்து போகிறவர் மறுநாளே தொலைபேசியில் அழைத்து, அறிக்கையிட்டபோது முழு மனதோடு சொன்னேனா என்று தெரியவில்லை என்கிறார். மீண்டும் ஆறுதல், மீண்டும் ஜெபம். இங்கே ஆறுதலே நோயின் சடங்காகிவிட்டது: ஒவ்வோர் உறுதிமொழியும் பதற்றத்தைச் சிறிது நேரம் தணித்து, அடுத்த முறையும் அதையே தேடச் சொல்லிப் பழக்குகிறது. உளவியலாளர் விக்டர் மேயர் 1966-இல் விவரித்த முறையிலிருந்து வளர்ந்த சிகிச்சை இதற்கு நேர்மாறான வழியைச் சொல்கிறது. பயத்தைத் தூண்டும் சூழலைப் படிப்படியாக எதிர்கொள்ள வைத்து, அதைத் தணிக்கும் சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்க வேண்டும். இதற்குப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளரும், சில வேளைகளில் மனநல மருத்துவரும், திரும்பத் திரும்ப உறுதி தராமல் இருக்க ஒப்புக்கொள்ளும் போதகரும் ஒன்றாக இயங்க வேண்டியிருக்கும். இதை அறியாத ஆலோசகர் தம் அன்பினாலேயே நோயை வளர்த்துவிடுகிறார்.

மன்னிப்பைப் பற்றிய குழப்பமும் இதற்குச் சளைத்ததல்ல. மன்னிப்பது ஒருவரின் உள்ளத்தில் நிகழ்வது. ஒப்புரவுக்கு, அதாவது முறிந்த உறவு மீண்டும் இணைவதற்கு, இருவர் வேண்டும், நம்பிக்கை மீண்டும் கட்டப்பட வேண்டும். வீட்டில் அடிபடுகிறவரிடம் முதல் அமர்விலேயே மன்னிப்பைப் பற்றிப் பேசுவது அவரை ஆபத்துக்குள் திருப்பி அனுப்புவதாக முடியலாம். முதலில் கேட்க வேண்டியது அவருடைய பாதுகாப்பைப் பற்றித்தான். தற்கொலை எண்ணமும் அப்படியே. விசுவாசிக்கு அப்படித் தோன்றாது என்று கருதிக் கேட்காமல் விடக்கூடாது; நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதில்லை. வேதத்தில், சாக வேண்டும் என்று கேட்ட தீர்க்கதரிசி எலியாவுக்கு முதலில் கிடைத்தவை உறக்கமும் உணவும்தான்.

வருபவர் கிறிஸ்தவர் என்பதாலேயே அமர்வில் ஜெபம் வேண்டும் என்று முடிவு செய்துவிடாமல், அவருடைய சம்மதத்தைத் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும். ஒரே சபையில் போதகராகவும் ஆலோசகராகவும் நண்பராகவும் இருப்பவர், எந்தப் பேச்சு எந்த இடத்தில் நிற்கும் என்பதை எழுத்தில் தெளிவாக்க வேண்டும். அமர்வில் கேட்டதை ஜெபக் குறிப்பாகப் பிறரிடம் பகிர்வது, பெயர் சொல்லாவிட்டாலும், இரகசியத்தை உடைப்பதுதான்.

இவை எல்லாவற்றையும் பிடித்துத் திருத்தக்கூடியது, தேர்ந்த இன்னோர் ஆலோசகரின் முறையான மேற்பார்வை. ஜெபத் தோழமை அதற்கு மாற்றாகாது, ஏனென்றால் தோழர் உங்களைத் தாங்குகிறார். மேற்பார்வையாளர் உங்கள் வேலையைப் பார்க்கிறார். அவரிடம் நன்றாக முடிந்த அமர்வை மட்டும் சொல்வது வீண். வருபவரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு பதிவு செய்த அமர்வுகளில், எங்கே அவசரப்பட்டு வசனம் சொன்னீர்கள், எந்தக் கண்ணீரைத் தாங்க முடியாமல் பேச்சை மாற்றினீர்கள் என்று தெரிகிற பத்து நிமிடங்களைத் தேர்ந்து அவர்முன் வைத்து, அந்த இடத்தில் வேறு எப்படிப் பேசியிருக்கலாம் என்று அங்கேயே சொல்லிப் பாருங்கள்.