'ஈ.ஆர்.கே. கூடியது, ஆகவே நியூரான் ஆனது' என்று எழுதுமுன்

டர்பனில் ஹானர்ஸ், மாஸ்டர்ஸ் படிக்கிற நம் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் ப்ராஜெக்ட் வரைவைக் கொண்டுவந்து காட்டுவார்கள். முக்கால்வாசி வரைவுகளில் இந்த ஒரு வாக்கியம் இருக்கும்: "ஈ.ஆர்.கே. பாதை தூண்டப்பட்டது, ஆகவே செல் நரம்பு செல்லாக மாறியது." ஈ.ஆர்.கே. என்பது வெளியிலிருந்து வரும் சிக்னலை செல்லின் உட்கருவுக்குக் கடத்தும் ஒரு புரதம். அந்த 'ஆகவே'யில்தான் வில்லங்கம்.

எலியின் அட்ரினல் கட்டியிலிருந்து 1976இல் உருவாக்கிய பி.சி.12 செல்களையே பாருங்கள். என்.ஜி.எஃப். (நரம்பு வளர்ச்சிக் காரணி) ஊற்றினால் பிரிவதை நிறுத்திவிட்டுக் கிளை நீட்டும். இ.ஜி.எஃப். (புறத்தோல் வளர்ச்சிக் காரணி) ஊற்றினால் அதுபாட்டுக்குப் பெருகிக்கொண்டே போகும். இரண்டுமே ராஸ், ராஃப், மெக் என்ற புரதங்கள் வழியாக அதே ஈ.ஆர்.கே.யைத்தான் எழுப்புகின்றன. இ.ஜி.எஃப்.பில் அது சில நிமிடங்களில் உச்சிக்குப் போய்ச் சீக்கிரமே அடங்கிவிடும், என்.ஜி.எஃப்.பில் மணிக்கணக்கில் அடங்காமல் நிற்கும், அவ்வளவு நேரம் நின்றால்தான் உட்கருவில் கிளை நீட்டுவதற்கான மரபணுக்கள் நிலையாக இயங்கும். 5 நிமிடத்தில் மட்டும் மாதிரி எடுத்து வெஸ்டர்ன் பிளாட் (புரத அளவைப் பட்டையாகக் காட்டும் சோதனை) ஓட்டினால் இரண்டு பட்டையும் ஒரே தடிப்பில் தெரியும், நீங்களும் இரண்டும் ஒன்றுதான் என்று எழுதிவிடுவீர்கள். 5, 30, 120 நிமிடம் என்று மூன்று வேளையாவது எடுங்கள். மொத்த ஈ.ஆர்.கே. பட்டை இல்லாமல் தூண்டப்பட்ட ஈ.ஆர்.கே.யைக் காட்டும் பாஸ்போ பட்டையை மட்டும் காட்டவே காட்டாதீர்கள்.

இங்கே மினிபஸ் டாக்ஸிக்கு விரல் காட்டுகிறோமே, ஒரே சைகைக்கு ஊருக்கு ஊர் அர்த்தம் வேறு. சிக்னலும் அப்படித்தான். "பி.எம்.பி. நரம்புக்கு எதிரி" என்று பி.எம்.பி. என்ற சிக்னல் புரதத்தைப் பற்றி மனப்பாடம் பண்ணி வருகிறார்கள். தவளைக் கருவின் தொடக்கத்தில் சரிதான், நாகின், கார்டின் என்ற புரதங்கள் அதைத் தடுத்தால்தான் கருவின் வெளி அடுக்கான எக்டோடெர்ம் நரம்புத் திசுவாகும், இல்லாவிட்டால் தோல். ஆனால் நரம்புக் குழாய் மூடியபிறகு முதுகுப்பக்க நியூரான்கள் உருவாக அதே பி.எம்.பி. வேண்டும், இன்னும் பிந்தினால் மூலச்செல்லை ஆஸ்ட்ரோசைட் (நியூரானுக்குத் துணைநிற்கும் செல்) பக்கம் தள்ளும். எந்தக் கட்டம் என்று சொல்லாமல் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது.

அப்புறம் நாட்ச், மூலச்செல்லை மூலச்செல்லாகவே வைத்திருக்கும் சிக்னல். அதை டி.ஏ.பி.டி. என்ற மருந்து போட்டு அடைத்தால் அது இயக்கும் ஹெஸ் மரபணுக்கள் இறங்கும், நியூரான் கூடும், உடனே வெற்றி என்று எழுதிவிடுவார்கள். கருவில் இப்படி நடந்தால் மூலச்செல் கையிருப்பு சீக்கிரமே கரைந்து, பின்னால் பிறக்க வேண்டிய செல்களுக்கு ஆள் இருக்காது. இன்னொன்று, நாட்ச் பக்கத்துச் செல்லைத் தொட்டால்தான் வேலை செய்யும். ஒரு தட்டில் செல் நெருக்கமாகவும் இன்னொன்றில் கலைந்தும் இருந்தால் நீங்கள் அளப்பது மருந்தையா, நெருக்கத்தையா?

வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலத்துக்கு செல் சவ்வில் ஏற்பி வரைவதும் சகஜம். அது கொழுப்பில் கரைவது, நேராக உள்ளே போய் உட்கருவில் இருக்கும் ஏற்பியில் உட்காரும். வெளிச்சத்தில் கெட்டும் போகும், குப்பியை மேசையில் திறந்தபடி விடாதீர்கள்.

லோட் ஷெட்டிங் மின்வெட்டில் இன்குபேட்டர் நின்ற நாளின் தட்டுகளைத் தூக்கிப் போடுங்கள். கார்பன் டை ஆக்சைடு குறைந்து மீடியம் ஊதா பக்கம் போயிருந்தால், பி38, ஜே.என்.கே. போன்ற நெருக்கடிச் சிக்னல்கள் எல்லாம் உங்கள் மருந்தே இல்லாமல் எழும்பியிருக்கலாம்.

கிளை நீட்டியதையெல்லாம் நியூரான் என்று எண்ணிவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். சி.ஏ.எம்.பி. என்ற செல்லுள் தூது மூலக்கூறு கூடினாலே சில செல்கள் ஒரே நாளில் நீளும். நியூரானின் அடையாளப் புரதங்களான பீட்டா-3 டியூபுலின், மேப்2 ஆகியவற்றுக்குச் சாயம் போட்டுப் பாருங்கள், பிரிவது நின்றதா என்று பிரியும் செல்லில் தெரியும் கே.ஐ.67 புரதத்தை வைத்துப் பாருங்கள், முடிந்தால் மின்துடிப்பும் அளந்துவிட்டு எண்ணிக்கைக்கு வாருங்கள்.